பதிவேடாகப் பிறந்த ஆய்விதழ்

ஆய்வில் கண்டதை இதழில் அச்சிட்டு எல்லோர் முன்னும் வைக்கும் வழக்கம் 1665-இல் தொடங்கியது. அச்சுக்குப் போகுமுன் அந்தக் கட்டுரையைத் துறை அறிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது பெரும்பாலான அறிவியல் இதழ்களில் கட்டாயமானதோ 1970களை ஒட்டித்தான். இடையில் 300 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இன்று இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றன. மதிப்பீட்டாளர் பார்த்துத் தேர்ந்ததே ஆய்வுக்கட்டுரை என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. ஆய்விதழ் பிறந்தபோது அதற்கு இருந்த வேலை வேறு. ஒன்றை முதலில் கண்டவர் யார் என்று தேதியிட்டுப் பதிந்துவைக்கவே அது பிறந்தது. கண்டது உண்மையா என்று எடைபோடும் பொறுப்பு வெகுகாலம் கழித்து அதன் தலையில் ஏற்றப்பட்டது.

அச்சு வந்த பிறகும்கூட, கண்டதை வெளியே சொல்லாமல் காப்பதே அறிஞர்களின் இயல்பாக இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கணித வல்லுநர்கள் ஊர் கூடிய சபையில் ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டுப் போட்டியிடுவார்கள். புதிய வழிமுறை ஒன்று கையில் இருந்தால் அது எதிராளியை வீழ்த்தும் ஆயுதம்; அதை யார் அச்சிடுவார்? முப்படிச் சமன்பாட்டுக்கு வழி கண்ட தார்த்தாலியா, வெளியிடமாட்டேன் என்று கார்தானோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, 1539-இல் அதைச் செய்யுள் வடிவில் சொல்லிக்கொடுத்தார். தார்த்தாலியாவுக்கு முன்பே தெல் ஃபெர்ரோ என்பவர் அதைக் கண்டிருந்தார் என்று பிறகு அறிந்த கார்தானோ, இருவர் பெயரையும் குறிப்பிட்டு 1545-இல் தம் ‘ஆர்ஸ் மாக்னா’ நூலில் வெளியிட்டுவிட்டார். தார்த்தாலியாவின் கோபம் கடைசிவரை ஆறவில்லை.

சொல்லவும் வேண்டும், யாருக்கும் புரியவும் கூடாது. இந்த இக்கட்டுக்குக் கண்ட வழி எழுத்துப் புதிர். 1610-இல் சனிக் கோளைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோவுக்கு அதன் இருபுறமும் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. அதை ஒரு லத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் 37 எழுத்துகளையும் கலைத்துப்போட்டு, பிராகு நகரில் இருந்த கெப்ளருக்குத் தெரியும்படி அனுப்பினார். வேறு எவராவது பின்னால் அதையே கண்டால் எழுத்துகளை முறைப்படுத்திக் காட்டி முதலுரிமை கோரலாம். தாம் கண்டது தவறென்று தெரிந்தால் பேசாமல் இருந்துவிடலாம். கெப்ளர் முட்டிமோதிப் பார்த்து, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று தவறாக விடை எழுதினார். செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள்தாம் என்பது 1877-இல் தெரியவந்தது தற்செயல்.

டச்சு வானியலாளர் ஐகன்சும் இதே வழியைப் பின்பற்றினார். சனியின் வளையத்தை 1656-இல் புதிராக அறிவித்து, 1659-இல் அவிழ்த்தார். சுருள்வில்லின் இழுப்பும் விசையும் ஒரே விகிதத்தில் கூடும் என்ற விதியை ராபர்ட் ஊக் 1676-இல் வெறும் 14 எழுத்துகளாக, அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்தே பொருள் சொன்னார். இன்று பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் படிக்கும் விதி இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதே 1676-இல் நியூட்டன் தம் நுண்கணிதத்தின் அடிப்படையை லைப்னிட்சுக்குப் புதிராக எழுதியனுப்பினார். 1684-இல் லைப்னிட்சு தம்முடைய முறையை வெளிப்படையாக அச்சிட்டார். யார் முந்தியவர் என்ற வழக்கு இருவர் வாழ்நாளிலும் தீரவில்லை. ஒளித்துவைத்தவர் பின்னால் வந்து உரிமை கேட்டால் உலகம் எளிதில் கொடுப்பதில்லை என்று அந்த வழக்கு எல்லோருக்கும் காட்டியது.

ஒளிக்காமலே உரிமையைக் காக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதை உண்டாக்கியவர் அறிஞர் கூட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர் அல்லர். கடிதம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு செயலாளர். ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்து லண்டனில் குடியேறிய என்றி ஓல்டன்பர்க், ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சபையின் செயலாளராக ஐரோப்பா முழுவதும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1665 மார்ச் 6-ஆம் நாள் ‘பிலசாபிகல் டிரான்சாக்சன்ஸ்’ இதழின் முதல் எண்ணைத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 5-இல், பாரிசில் தெனி த சாலோ தொடங்கிய ‘ஜூர்னால் தே சாவான்’ வந்துவிட்டது. ஆனால் அது நூல் மதிப்புரைகளுக்கே மிகுந்த இடம் கொடுத்தது. புதிதாகக் கண்டவற்றை முதன்மையாகச் சொல்ல வந்தது லண்டன் இதழ்தான்.

முதல் எண்ணுக்கு 16 பக்கம். வியாழன் கோளில் ஊக் கண்ட ஒரு புள்ளி, ரோம் நகரில் செய்யப்பட்ட புதிய கண்ணாடி வில்லைகள், குளிர்ச்சியைப் பற்றி பாயில் எழுதவிருந்த நூலின் முன்னறிவிப்பு, விகாரமாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டி, பெர்முடாவின் திமிங்கில வேட்டை, கடலில் ஊசல் கடிகாரத்தைச் சோதித்த செய்தி ஆகியவை அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. இயற்பியல், உயிரியல், மருத்துவம், கருவி வடிவமைப்பு என்ற பிரிவுகளே அன்று இல்லை. கப்பல் தலைவன் சொன்னதும் கணித மேதை சொன்னதும் ஒரே தாளில் இடம்பெற்றன. வந்த கடிதங்களுக்குத் தேதி குறித்துவைப்பதை ராயல் சொசைட்டி தவறாமல் செய்தது. தேதி இருந்தால் உரிமை இருக்கிறது. உரிமை உறுதியானால் மறைக்கவேண்டிய காரணம் போய்விடுகிறது. இந்த எளிய ஏற்பாடுதான் அறிவியலைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்தது.

ஓல்டன்பர்க்குக்கு இதழால் செல்வம் சேரவில்லை. தொடங்கிய ஆண்டே லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியதால் சில எண்களை ஆக்சுபர்டில் அச்சிட வேண்டியிருந்தது. 1667-இல், டச்சுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வெளிநாட்டுக் கடிதத் தொடர்பே சந்தேகத்துக்கு வித்தாகி, லண்டன் கோட்டைச் சிறையில் இரண்டு மாதம் கழித்தார். வெளியே வந்ததும் மறுபடி இதழைத் தொடர்ந்தார். 1677-இல் அவர் இறக்கும்வரை அது நிற்கவில்லை.

சரிபார்ப்பு அந்தக் காலத்தில் எப்படி நடந்தது என்பதற்கு லேவன்ஹூக் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை. டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் அவர். லத்தீன் தெரியாது, பல்கலைக்கழகம் போனதில்லை. துணியின் இழையைப் பார்க்கும் பழக்கத்தில் வளர்ந்த கை, மிகச் சிறிய ஒற்றை வில்லை நுண்ணோக்கிகளைத் தானே செய்துகொண்டது. 1673 முதல் அவர் டச்சு மொழியில் எழுதிய கடிதங்களை ஓல்டன்பர்க் மொழிபெயர்த்து இதழில் போட்டார். 1676 அக்டோபரில் வந்த நீண்ட கடிதம், மழைநீரிலும் மிளகு ஊறிய நீரிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆயிரக்கணக்கில் நீந்துவதாகச் சொன்னது. அதை நம்புவது எளிதாக இல்லை. ஆனாலும் கடிதம் 1677-இல் அச்சாயிற்று. நம்பிக்கை பிறக்க, லேவன்ஹூக் தம் ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரை நுண்ணோக்கி வழியே பார்க்கவைத்து அவர்களின் சாட்சிக் கடிதங்களை அனுப்பினார். அவர்களில் சமயப் போதகர்களும் இருந்தார்கள். லண்டனில் செய்த முதல் முயற்சிகளில் ஒன்றும் தெரியவில்லை. 1677 நவம்பரில் ஊக் மிளகுநீரை ஊறவைத்து, நுண்ணோக்கியைச் செப்பம் செய்து, சபை உறுப்பினர்கள் முன் அந்த உயிர்களைக் காட்டினார்.

சோதனை நடந்த வரிசையைப் பார்க்கவேண்டும். முதலில் அச்சு, அதன்பின் சாட்சி, கடைசியாக வேறொருவர் அதே சோதனையைத் தம் கையால் செய்து பார்த்தல். நுண்ணுயிரியலின் முதல் கடிதத்தை மதிப்பீட்டாளர் மேசையில் வைத்திருந்தால், படித்தவர் எவரும் அதுவரை கண்டிராத ஒன்றைப் படிக்காத வணிகர் சொல்கிறார் என்று ஒதுக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதழ்கள் வந்த பிறகும் புதிர் போடும் பழக்கம் வேறு உருவில் தொடர்ந்தது. பாரிசின் அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட உறையை ஒப்படைக்கலாம். கழகம் தேதியிட்டு வைத்துக்கொள்ளும். உரியவர் கேட்கும்போது திறக்கும். கந்தகமும் பாசுபரசும் எரியும்போது எடை குறையாமல் கூடுகிறது என்ற குறிப்பை லவாசியே 1772 நவம்பர் 1-இல் இப்படித்தான் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் உறை திறக்கப்பட்டது. வேதியியலைப் புரட்டிப்போட்ட ஆய்வின் முதல் வரி ஆறு மாதம் அரக்கு முத்திரைக்குள் இருந்தது.

அச்சுக்கு முன்பே தேர்ந்தெடுக்கும் வழக்கம் மருத்துவத்தில்தான் முதலில் தலைகாட்டியது. எடின்பரோவில் 1731-இல் தொடங்கிய மருத்துவக் கட்டுரைத் தொகுதி, வரும் கட்டுரைகளை அந்தந்தப் பொருள் அறிந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாகவும் அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியாது என்றும் முன்னுரையில் அறிவித்தது. 1752-இல் ராயல் சொசைட்டி தன் இதழை நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, எதை அச்சிடலாம் என்று வாக்களித்து முடிவுசெய்ய ஒரு குழுவை அமைத்தது. அச்சிட்டதெல்லாம் உண்மை என்று சொசைட்டி உறுதி கூறவில்லை என்பதையும் இதழிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்தச் சபையில் எட்வர்ட் ஜென்னருக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. குயில் குஞ்சு மற்ற முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும் விதத்தை எழுதி 1789-இல் அதன் உறுப்பினரானவர் அவர். பெரியம்மையைத் தடுக்கும் என்று பசு அம்மைச் சீழை 1796 மே 14-இல் ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றிப் பார்த்த சோதனையை எழுதி அனுப்பியபோது, அதே சொசைட்டி ஏற்கவில்லை. ஒரே ஒரு சிறுவனை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்ற தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜென்னர் மேலும் நிகழ்வுகளைச் சேர்த்து, 1798-இல் 23 பேரின் விவரத்தோடு தம் செலவில் நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் அம்மை குத்தும் முறை இந்தியா வரை வந்துவிட்டது.

இந்தியாவிலும் அந்தக் காலத்தில் இதழ் மரபு வேர்விட்டது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியச் சங்கத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதி 1788-இல் வந்தது. சென்னையிலிருந்து 1833-இல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ புறப்பட்டது. முதல் ஏசியாட்டிக் இதழைப் போலவே இதுவும் கல்வெட்டையும் கனிமத்தையும் ஒன்றாகவே கையாண்டது.

எழுத்து வடிவ மதிப்பீட்டறிக்கை பிறந்தது 1831-32-இல். கேம்பிரிட்ஜின் வில்லியம் யூவெல், வரும் கட்டுரைகளைப் பற்றி இரண்டு அறிஞர்கள் அறிக்கை எழுதி அதையும் அச்சிடவேண்டும் என்று ராயல் சொசைட்டிக்கு யோசனை சொன்னார். அவர் மனத்தில் இருந்தது குறை காண்பது அன்று. நல்ல ஆய்வை நாடறியச் செய்வது. பூமி, வெள்ளி ஆகியவற்றின் இயக்கத்தில் உள்ள ஒரு நீண்டகால மாறுபாட்டை ஜார்ஜ் ஏரி எழுதிய கட்டுரை முதல் சோதனைப் பொருளாயிற்று. யூவெலும் ஜான் லபக்கும் மதிப்பிட அமர்ந்தார்கள். யூவெல் ஆய்வின் பெருமையைச் சொல்ல விரும்பினார்; லபக் கணக்கில் உள்ள பிழைகளையும் வழிமுறையின் குறைகளையும் எடுத்துக்காட்ட விரும்பினார். முதல் கட்டுரையிலேயே இருவருக்கும் ஒத்துவரவில்லை. வெகு சீக்கிரத்தில் அறிக்கைகள் அச்சிடப்படாமல் கோப்புக்குள் போயின. லபக்கின் மனப்பாங்கே மரபாக நிலைத்தது.

அந்த மரபு செய்த பெரும் தவறு பம்பாயிலிருந்து போன ஒரு கட்டுரைக்கு நேர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பம்பாயில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்பது எப்போதும் ஓடித்திரியும் எண்ணற்ற துகள்களின் கூட்டம், சுவரில் அவை மோதுவதே அழுத்தம், அவற்றின் வேகத்தின் இருமடிச் சராசரியே வெப்பநிலையின் அளவு என்று கணக்கிட்டு 1845-இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். மதிப்பிட்ட இருவரில் ஒருவர் அதே லபக். அது பிதற்றல், சபையில் படிக்கக்கூடத் தகுதியற்றது என்று அறிக்கை போயிற்று. கட்டுரையின் சிறு சுருக்கம் மட்டும் அச்சானது. சபைக்கு வந்த கைப்பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. வாட்டர்ஸ்டனிடம் வேறு படியும் இல்லை.

அவர் சொன்னதை மாக்ஸ்வெல் முதலியோர் 15 ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வழியில் அடைந்து புகழ்பெற்றார்கள். வாட்டர்ஸ்டன் அறிஞர் சங்கங்களை விட்டு ஒதுங்கினார். 1883-இல் எடின்பரோவில் ஒரு நாள் வெளியே சென்றவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, சொசைட்டியின் செயலாளராக இருந்த ரேலி பிரபு, பழைய கோப்புகளில் தேடிக் கட்டுரையைக் கண்டெடுத்தார். 1892-இல், 47 ஆண்டுத் தாமதத்தோடு, தம் முன்னுரையுடன் அதை முழுமையாக அச்சிடச்செய்தார். பெயர் இன்னும் நிலைபெறாத இளைஞர்கள் பெரிய கருத்தோடு வராமல், அளவும் மதிப்பும் ஐயமின்றித் தெரியும் சிறிய ஆய்வோடு முதலில் அறிமுகமாவது நல்லது என்று அந்த முன்னுரையில் ரேலி அறிவுரை கூறினார். நேர்மையான மனிதர் மனவருத்தத்தோடு சொன்ன அறிவுரைதான். ஆனால் திருத்திக்கொள்ளவேண்டியவர் எழுதியவர் அல்லர், மதிப்பிட்டவர் என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது.

அச்சாவதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. பட்டாணிச் செடிகளில் பண்புகள் தலைமுறை தாண்டும் விதியை மெண்டல் 1865-இல் பிருன் நகர இயற்கையறிவுச் சங்கத்தில் இரண்டு கூட்டங்களில் படித்தார். மறு ஆண்டு சங்கத்தின் இதழில் தடையின்றி வெளிவந்தது. தனிப்படிகள் 40 வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். 1900 வரை அதன் பொருளை எவரும் உணரவில்லை. வாட்டர்ஸ்டனை மதிப்பீட்டாளர் மறைத்தார். மெண்டலை மறைத்தது வாசகர்களின் கவனமின்மை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதழ்களுக்கு வேகமே முக்கியமாயிற்று. பாரிஸ் கழகத்தின் வார இதழ் 1835-இல் வந்தது. 1869 நவம்பர் 4-இல் நார்மன் லாக்கியர் ‘நேச்சர்’ இதழைத் தொடங்கினார். ரான்ட்கன் 1895 டிசம்பர் 28-இல் வூர்ட்ஸ்பர்க் சங்கத்திடம் கொடுத்த எக்ஸ் கதிர்க் கட்டுரை சில நாட்களில் அச்சாகி, ஜனவரி 23-இல் ‘நேச்சர்’ இதழில் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. செகந்திராபாதில் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை 1897 ஆகஸ்டில் கண்ட ரொனால்டு ராஸின் கட்டுரை அதே டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. இவற்றில் இதழாசிரியரின் தீர்ப்பே போதுமானதாக இருந்தது.

வேகத்தின் அருமையை நன்றாக அறிந்தவர் சி.வி. ராமன். கல்கத்தாவில் அவரும், விருதுநகர் வட்டாரத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறல் பற்றிச் செய்த ஆய்வின் முதல் குறிப்பு 1928 பிப்ரவரி 16 தேதியிட்டது. அது ‘நேச்சர்’ இதழில் மார்ச் 31-இல் வந்தது. பிப்ரவரி 28-இல் நிறமாலையில் புதிய கோடு தெளிவாகத் தெரிந்ததும் செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். மார்ச் 16-இல் பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்’ இதழுக்காக உடனே அச்சாகி, உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்களுக்குத் தனிப்படிகளாகப் போனது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் அதே விளைவைப் பிப்ரவரியிலேயே கண்டிருந்தார்கள். ஆனால் கட்டுரையை மே மாதத்தில்தான் அனுப்பினார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு. தனக்கென ஓர் இதழ் இல்லாத நாட்டின் அறிவியல் அடுத்தவர் வாசலில் காத்துநிற்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவியபோது, அதன் முதல் வேலைகளில் ஒன்றாக மாதந்தோறும் ஆய்விதழ் வெளியிடுவதை வைத்தார்.

நல்ல இதழாசிரியர் கதவைத் திறக்கவும் செய்வார், எழுதியவரைச் செப்பம் செய்யவும் செய்வார். இராமானுஜனின் முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தபோது, பெங்களூரில் இருந்த ஆசிரியர் நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பியனுப்பித் தெளிவாக எழுதவைத்தார். படிகளைத் தாவிச் செல்லும் அந்த எழுத்தை மற்றவர்கள் பின்தொடர அந்தப் பொறுமை தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் போனது அதன் பிறகு, 1913 ஜனவரியில்.

மதிப்பீட்டாளர் முறை மிகச் சரியாக வேலை செய்த ஒரு நிகழ்வு ஐன்ஸ்டைனுக்குக் கோபமூட்டியது. ஈர்ப்பலைகள் இருக்க முடியாது என்று காட்டும் கட்டுரை ஒன்றை அவரும் நேதன் ரோசனும் 1936-இல் அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளருக்குக் காட்டினார். பத்துப் பக்கக் குறிப்போடு கட்டுரை திரும்பியது. அச்சுக்குமுன் பிறருக்குக் காட்ட அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜெர்மன் இதழ்களில் பழகியவருக்கு அந்த வழக்கமே புதிது. அந்த மதிப்பீட்டாளர் எச்.பி. ராபர்ட்சன் என்பது இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்த பிறகு 2005-இல்தான் உறுதியாயிற்று. குறிப்பை எழுதியது தாம்தான் என்று வெளிக்காட்டாமல், ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டுடன் பேசிப் பிழையைப் புரியவைத்ததும் ராபர்ட்சனே. 1937-இல் வேறோர் இதழில் வந்த வடிவத்தில் முடிவு தலைகீழாகியிருந்தது. ஈர்ப்பலைகளைக் கருவிகள் 2015 செப்டம்பர் 14-இல் பதிவுசெய்தன. அந்தப் பத்துப் பக்கம் தவறான ஒரு முடிவிலிருந்து ஐன்ஸ்டைனின் பெயரைக் காப்பாற்றியது. ஆனாலும் தம் ஆய்வுக்கட்டுரை எதையும் அந்த இதழுக்கு அவர் மறுபடி அனுப்பவில்லை.

இதழாசிரியர் பணியைத் தவம் போலச் செய்தவர் எஸ். சந்திரசேகர். லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னையில் படித்த இவர், 1952 முதல் 1971 வரை 19 ஆண்டுகள் ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ ஆசிரியராக இருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை அமெரிக்க வானியல் சங்கத்தின் இதழாக வளர்த்துக் கொடுத்துவிட்டே விலகினார். தம் இளமையில் விண்மீன் எடை வரம்பு பற்றிய முடிவை 1935 ஜனவரியில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அறிஞர் சபையில் வைத்து நையாண்டி செய்ததை அனுபவித்தவர் அவர். பெயர் பெற்றவரின் சொல் எவ்வளவு எடை கொண்டது, அது எவ்வளவு தவறாகலாம் என்பதை அவரைவிட அறிந்த இதழாசிரியர் அரிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுப் பணம் ஆய்வுக்குள் பெருகியது, கட்டுரைகளும் பெருகின. எல்லாவற்றையும் ஓர் ஆசிரியர் படித்து முடிவுசெய்ய இயலாமற் போயிற்று. 1959-இல் வந்த ஜெராக்ஸ் நகலெடுக்கும் இயந்திரம் படியெடுத்துப் பலருக்கு அனுப்புவதை எளிதாக்கியது. 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அறிவியலுக்குக் கொடுக்கும் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேள்வி கேட்டபோது, அறிவியலாளர்கள் காட்டிய கேடயம் சக ஆய்வாளர் மதிப்பீடு. ஆனால் அதற்கு 22 ஆண்டுகள் முன்பு, 1953 ஏப்ரல் 25-இல் டிஎன்ஏவின் வடிவத்தை அறிவித்த வாட்சன்–கிரிக் கட்டுரை வெளி மதிப்பீட்டாளரிடம் போகாமலே ‘நேச்சர்’ இதழில் வந்திருந்தது. மறு ஆண்டு சென்னையிலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் அமைப்பை எழுதியதும் அதே இதழில்தான். அங்கே மதிப்பீடு கட்டாயமானது 1973-இல்; மருத்துவ இதழான ‘லான்செட்’ 1976-இல் ஏற்றுக்கொண்டது.

முறை நிலைத்ததற்கு முன்னும் பின்னும் அது தட்டிவிட்டவற்றின் பட்டியல் நீளமானது. உடலில் உணவு எரியும் சுழற்சியை எழுதிய கிரெப்சின் கடிதத்தை 1937-இல் ‘நேச்சர்’ இடமில்லை என்று திருப்பியது. அதற்கே 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினை எதிர்க்கும் பொருள் உடலில் உருவாவதைக் காட்டிய ரோசலின் யாலோ, 1955-இல் தமக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தை 1977-இல் தம் நோபல் உரையில் எல்லோருக்கும் காட்டினார். 1982-இல் பீட்டர்ஸ், செசி என்ற உளவியலாளர்கள் ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளைப் பெயர் மாற்றி அவை வந்த இதழ்களுக்கே அனுப்பியபோது மூன்றைத்தான் இதழ்கள் கண்டுபிடித்தன. மற்ற ஒன்பதில் எட்டு, தரமில்லை என்று திரும்பின.

மருத்துவத்தில் இதழைவிட ஆய்வின் அமைப்பே நம்பகத்தைத் தருகிறது என்ற உணர்வு இதே காலத்தில் வளர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயாளிகள் 107 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த முடிவு 1948-இல் வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதையும் மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பதையும் 193 பேரிடம் ஒப்பிட்டது. குடிசையில் வாழும் ஏழைக்கும் வீட்டுச் சிகிச்சையே போதும், கூட இருப்பவருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்ற முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. உலகம் முழுவதும் காசநோய் விடுதிகள் காலியானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சென்னை வீதிகளில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்களின் உழைப்பு அந்தச் சில பக்கங்களுக்குள் இருக்கிறது.

வடிவமைப்புத் துறை இந்த வழக்கத்துக்குள் கடைசியாக வந்தது. 1962-இல் லண்டனில் வடிவமைப்பு முறைகள் மாநாடு, 1966-இல் வடிவமைப்பு ஆய்வுச் சங்கம், 1979-இல் ‘டிசைன் ஸ்டடீஸ்’ இதழ் என்று படிப்படியாக நிகழ்ந்தது. இங்கே ஆய்வின் முடிவு பெரும்பாலும் எழுத்தில் இருப்பதில்லை, செய்த பொருளில் இருக்கிறது. 1960களில் புரூஸ் ஆர்ச்சரின் குழு செவிலியர், நோயாளி, மருத்துவர் ஆகியோரின் தேவைகளைப் பார்த்து வகுத்த மருத்துவமனைக் கட்டில், கட்டுரையாக அன்றிக் கட்டிலாகவே பிரிட்டன் முழுவதும் பரவியது. 1958-இல் இந்தியாவுக்கு வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர், இங்கே கண்ட பொருள்களில் லோட்டாச் செம்பையே எல்லாவற்றிலும் அழகானதாகத் தம் அறிக்கையில் வைத்தார்கள். அதை வடித்த தலைமுறைகளுக்கு இதழும் இல்லை, தேதியும் இல்லை. மதிப்பிட்டவர்கள் தண்ணீர் சுமந்தவர்கள்.

1991 ஆகஸ்டில் லாஸ் அலமாசில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய மின்னஞ்சல் சேவை, கோட்பாட்டு இயற்பியலின் அச்சேறாத கட்டுரைகளைத் தேதியிட்டு எல்லோருக்கும் உடனே கொடுத்தது. பின்னாளில் ‘ஆர்க்சிவ்’ என்று பெயர்பெற்ற அது, ஓல்டன்பர்க்கின் பழைய வேலையை மட்டும் தனியே எடுத்துச் செய்தது: பதிவு, தேதி, பரப்புதல். போயன்கரே ஊகத்துக்குப் பெரல்மான் கண்ட நிரூபணம் 2002 நவம்பரிலிருந்து மூன்று கட்டுரைகளாக அதில் வந்தது. இதழ் எதற்கும் அவர் அனுப்பவே இல்லை. பல குழுக்கள் வருடக்கணக்கில் வரி வரியாகப் பரிசோதித்து அதைச் சரியென்று கண்டன.

2020-இல் இரண்டு வழிகளும் அருகருகே சோதனைக்கு வந்தன. கொரோனா வைரசின் மரபணு வரிசை ஜனவரி 11-இல் இணையத்தில் வெளியிடப்பட்டது. இதழில் கட்டுரை பிப்ரவரி 3-இல் வந்தது. இடைப்பட்ட நாட்களில் பரிசோதனை முறைகளும் தடுப்பூசி வேலையும் தொடங்கிவிட்டன. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி மதிப்பீடு முடிந்து மே 22-இல் ‘லான்செட்’ வெளியிட்ட பெரிய கட்டுரையின் மூலத் தரவுகளைச் சரிபார்க்க முடியாமல், ஜூன் 4-இல் அது திரும்பப் பெறப்பட்டது. டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்ற பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு ஜூன் 16-இல் அறிவிக்கப்பட்டு, மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரையாக அடுத்த வாரம் வெளிவந்தது. ஜூலையில் மதிப்பீடு முடிந்து இதழில் அச்சானபோது, மருந்து ஏற்கெனவே பல நாடுகளின் மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.